கடைக் கணனியைப் புதுப்பிக்க முன்: எந்த உதிரிக்கு முதலில் பணம்?

வவுனியா பஜார் வீதியிலும் கிளிநொச்சியில் ஏ9 வீதியின் இரு மருங்கிலும் மாங்குளம் சந்தியிலும் முல்லைத்தீவு நகரிலும் காசு மேசையின் மீது கணனி இல்லாத கடையை இன்று தேடித்தான் பார்க்க வேண்டியுள்ளது. பில் அடிப்பது, கையிருப்பைச் சரிபார்ப்பது, கடன்காரர் பட்டியலைப் பேணுவது, வங்கி வேலைகளைச் செய்வது என எல்லாமே அந்தப் பெட்டிக்குள் போய்விட்டன. ஆனால் அவற்றில் பல, யுத்தம் முடிந்து மக்கள் மீள்குடியேறிக் கடைகள் மீண்டும் திறக்கப்பட்ட காலத்திலும் அதற்கடுத்த சில வருடங்களிலும் வாங்கப்பட்டவை. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு பிளேன்டீ குடித்து முடித்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கின்றது.

ஒரு கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு 80 பில் அடிக்கும் கடையில் ஒவ்வொரு பில்லுக்கும் 20 செக்கன்கள் கணனி இழுத்தடித்தால் மொத்தம் 1,600 செக்கன்கள். ஏறத்தாழ 27 நிமிடம். அந்த 27 நிமிடமும் வாடிக்கையாளர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். பெருநாள் நெருங்கும் நாட்களில் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இந்த நிலையில் வர்த்தகர் கணனிக் கடைக்குப் போனால் பெரும்பாலும் கேட்கும் பதில், “நானா, இது பழைய மெஷின், புதுசு ஒன்று எடுங்க” என்பதே. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். பல வேளைகளில் புதிய கணனியின் விலையில் சிறு பகுதியைச் செலவிட்டு இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட்டலாம். எது எந்த வேளை என்பதைக் கண்டறிவதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

விண்டோஸ் 10 இற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்தியது. தனிப்பட்ட பாவனையாளர்களுக்காக 2026 ஒக்டோபர் வரையான ஓராண்டுப் பாதுகாப்பு நீடிப்பொன்றையும் அது அறிவித்தது. கணனி மறுநாளே நின்றுவிடாது. வழமைபோல் வேலை செய்யும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பவர் இருக்கமாட்டார். இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கும் கணனிக்கு இது சிறிய விடயமல்ல.

அடுத்தது விலை. கணனி உதிரிகள் டொலரில் வருபவை. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டபோது உதிரி விலைகள் எப்படித் தாவின என்பது வர்த்தகர்களுக்கு நினைவிருக்கும். ரூபா பின்னர் ஓரளவு தேறினாலும் 2025 இன் பிற்பகுதியில் வேறொரு பக்கத்தில் இருந்து அடி விழுந்தது. உலகில் கணனி நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை சம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரொன் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான பாரிய தரவு நிலையங்கள் சில்லுகளை மொத்தமாக வாங்கத் தொடங்க, இம்மூன்றும் இலாபம் கூடிய அந்தப் பக்கம் திரும்பின. 2025 டிசம்பரில் மைக்ரொன், சாதாரண பாவனையாளர்களுக்கு ‘குரூஷியல்’ என்ற பெயரில் ரெம்மும் எஸ்.எஸ்.டி.யும் விற்ற வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. நெல்லை ஒரு சில பெரிய ஆலைகள் வாங்கிக் குவிக்கும்போது சில்லறைக் கடையில் அரிசி விலைக்கு என்ன நடக்கும் என்பது தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வற் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வருடாந்த விற்பனை எல்லையை 6 கோடி ரூபாவில் இருந்து 3 கோடியே 60 இலட்சமாகக் குறைக்க 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. நடுத்தர மொத்த வியாபாரிகளும் இனி ஒழுங்கான கணக்குப் பதிவுகளை வைத்திருக்க வேண்டிய திசையிலேயே காற்று வீசுகின்றது. கணக்கு இருக்கும் பெட்டி நம்பகமானதாக இருக்க வேண்டும்.

தாமதம் எங்கே?

காசை எடுக்க முன்னர் நோயை அறிய வேண்டும். அதற்கு டெக்னீஷியன் தேவையில்லை. கடை மும்முரமாக இருக்கும் நேரத்தில், பில் மென்பொருளும் பிரவுசரும் திறந்திருக்கும்போது, கீபோட்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபோமன்ஸ்’ என்ற பக்கத்தில் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என வரிசையாக இருக்கும்.

டிஸ்க் அடிக்கடி 100 சதவீதத்தில் நின்றால் பிரச்சினை ஹாட் டிஸ்க்கில். மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரெம் போதவில்லை. இரண்டும் சாதாரணமாக இருந்து சி.பி.யூ. மட்டும் நாள் முழுவதும் உச்சத்தில் நின்றால்தான் புரொசஸரைப் பற்றி யோசிக்க வேண்டும். பழைய கடைக் கணனிகளில் முதல் இரண்டுமே அதிகம். மூன்றாவது ஏற்பட்டாலும் வைரஸ் அல்லது தூசு அடைத்த ஃபேன் காரணமாக இருக்கின்றதா என்று முதலில் பாருங்கள். வன்னியின் வரட்சிக் காலத்துச் செம்மண் தூசு பெட்டிக்குள் போய்ப் படிந்தால் புரொசஸர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு புளோவரும் சிறிதளவு தேர்மல் பேஸ்ட்டும் அதற்கு மருந்து.

அதே பக்கத்தில் சி.பி.யூ. என்ற இடத்தில் புரொசஸரின் பெயர் இருக்கும். இன்டெல் என்றால் ஐ3, ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள். நான்கு இலக்கங்கள் என்றால் முதல் இலக்கமே தலைமுறை: 4150 என்றால் நான்காம் தலைமுறை, 8400 என்றால் எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கங்கள் என்றால் முதல் இரண்டு: 10100 என்பது பத்தாம் தலைமுறை. இது ஏன் முக்கியம் என்றால், விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையில் இருந்தே அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. ஏ.எம்.டி. ரைசன் என்றால் 2000 வரிசையில் பெரும்பாலானவையும் அதற்குப் பிந்தியவையும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அது பல கணனிகளில் இருந்தும் பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் ‘பி.சி. ஹெல்த் செக்’ என்ற சிறு மென்பொருள் ஆம், இல்லை எனத் தெளிவாகச் சொல்லிவிடும்.

நாளை கழற்றிக்கொண்டு போகக் கூடியது எது?

மாங்குளத்தில் ஹாட்வெயாரும் விவசாயப் பொருட்களும் விற்கும் கடையொன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மேசையில் இருப்பது வெளிநாட்டு அலுவலகமொன்றில் பாவித்து இறக்குமதியான டெல் ஒப்டிபிளெக்ஸ் 3020. நான்காம் தலைமுறை ஐ3 புரொசஸர், 4 ஜீ.பி. ரெம், 500 ஜீ.பி. ஹாட் டிஸ்க். விண்டோஸ் 11 இற்குத் தகுதியில்லை. பெரும்போக அறுவடை முடிந்து பெப்ரவரி, மார்ச்சில் விவசாயிகள் கடனை அடைக்க வரும்போது கடன் பட்டியல் ஒரு நிமிடம்கூடத் தாமதியாமல் திறக்க வேண்டும். புதிய கணனிக்கு இந்த வருடம் பணமில்லை. தவணைக்கு எடுத்தால் வட்டி.

இங்கே ஒரு கேள்வியைக் கேட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும். இன்று வாங்கும் உதிரியை, நாளை இந்தக் கணனியை விடும்போது கழற்றி அடுத்ததில் போட முடியுமா? எஸ்.எஸ்.டி.யை முடியும். யு.பி.எஸ்., மொனிட்டர், கீபோட், பார்கோட் ரீடர் எல்லாவற்றையும் முடியும். டி.டி.ஆர்.3 ரெம்மை முடியாது. பழைய சொக்கட் புரொசஸரை முடியாது. கம்பனிக் கணனிக்கே உரிய பவர் சப்ளையை முடியாது. எனவே கொண்டு போகக் கூடியதில் தாராளமாகவும், கொண்டு போக முடியாததில் கஞ்சத்தனமாகவும் செலவிடுங்கள். எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட கணனி உங்களிடம் இருந்தால் இந்தக் கஞ்சத்தனத்தைச் சற்றுத் தளர்த்தலாம். அது இன்னும் சில வருடங்கள் உங்களோடு இருக்கப் போகின்றது.

சிறிய விடயம்: நான் இங்கே விலைகளை எழுதவில்லை. இதழ் உங்கள் கைக்கு வரும்போது அவை மாறியிருக்கும். வரிசைதான் முக்கியம், விலையை அன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது: எஸ்.எஸ்.டி.

ஹாட் டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் தட்டும் அதன் மீது அங்குமிங்கும் ஓடும் ஒரு கையும் உள்ளன. வேண்டிய தகவல் இருக்கும் இடத்துக்குக் கை போய், தட்டு சுழன்று வரும்வரை காத்திருந்து எடுக்க ஏறத்தாழ 12 மில்லி செக்கன் ஆகின்றது. அதாவது சிதறிக் கிடக்கும் சிறு தகவல்களைச் செக்கனுக்கு ஏறக்குறைய 80 தடவைதான் அதனால் எடுக்க முடியும். பெரிய களஞ்சியத்தில் ஒரேயொரு பையன் ஒவ்வொரு ஆணிக்கும் தனித்தனியாக ஓடி வருவதைப் போன்றது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. அதே வேலையை அது செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை செய்கின்றது. பில் மென்பொருளும் விண்டோஸும் செய்வது பெரும்பாலும் இத்தகைய சிறு சிறு ஓட்டங்களே. ஆகவே பத்து வருடக் கணனியிலும் இந்த ஒரு மாற்றத்தின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

எந்த வகை? நான்காம் தலைமுறைக் கணனிகளில் எம்.2 என்ற பொருத்துமிடம் பெரும்பாலும் இருக்காது. 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.யே பொருத்தம். அதனைப் பின்னர் ஏறத்தாழ எல்லா டெஸ்க்டொப்பிலும் மாட்டலாம். புதிய கணனி உள்ளவர்கள் எம்.2 வாங்கும்போது அதிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகை உண்டு என்பதைக் கவனியுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் மதர்போட் எதனை ஏற்கும் என்று கேட்டே வாங்க வேண்டும். கொள்ளளவு 240 அல்லது 256 ஜீ.பி. கடைக் கணக்குக்குத் தாராளம். கடைக்காரர் 1 டி.பி. காட்டினால், உங்கள் பழைய டிஸ்க்கில் உண்மையில் எத்தனை ஜீ.பி. நிரம்பியுள்ளது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பெயர் தெரியாத மிக மலிவான எஸ்.எஸ்.டி.யை மாத்திரம் தவிருங்கள். எழுதப்பட்ட கொள்ளளவும் உள்ளே இருக்கும் கொள்ளளவும் ஒன்றல்லாத போலிகள் உலகச் சந்தையில் உண்டு. பாவித்த டிஸ்க் என்றால், ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளைத் திறந்து எத்தனை மணித்தியாலம் ஓடியுள்ளது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என விற்பவர் முன்னிலையிலேயே பாருங்கள். பாவித்த வாகனத்தின் மீட்டரைப் பார்க்காமல் வாங்குவீர்களா?

இரண்டாவது: மின்சாரம்

பெரும்பாலான கட்டுரைகள் இங்கே ரெம்மைத்தான் சொல்லும். எமது பிரதேசத்தில் நான் மின்சாரத்தை முன்னுக்கு வைக்கிறேன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருளில் மூழ்கியது. இவை செய்தியில் வந்தவை. மழைக்காலத்தில் கிராமத்து மின்கம்பியில் கிளை விழுந்து ஐந்து நிமிடம் போய் வருவது செய்தியில் வராது. ஆனால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் அறுந்தால் பில் மென்பொருளின் தரவுக் கோப்பு பாதியில் உடைந்துபோகும். டிஸ்க் புதிதானாலும் இதில் இருந்து தப்பாது. வேகமான கணனி வாங்கி யு.பி.எஸ். இல்லாமல் வைத்திருப்பதை விட மெதுவான கணனியை யு.பி.எஸ்.உடன் வைத்திருப்பது மேல்.

650 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று ஏறத்தாழ 360 வொட் தரும். கடைக் கணனியும் எல்.ஈ.டி. மொனிட்டரும் சேர்ந்து 100 வொட்டுக்கு மேல் போவது குறைவு. பில்லை முடித்து ஒழுங்காக நிறுத்த இது போதும். லேசர் பிரின்டரை யு.பி.எஸ்.இல் மாட்டாதீர்கள், அது சூடேறும் கணத்தில் இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யு.பி.எஸ். தாங்காது. பழைய யு.பி.எஸ். ‘வேலை செய்வதில்லை’ என்று மூலையில் கிடந்தால் எறிய முன்னர் உள்ளே பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் 7 அம்பியர் பெட்டரிதான் செத்திருக்கும். அதன் ஆயுளே இரண்டு மூன்று வருடம். பெட்டரியை மட்டும் மாற்றலாம்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடியுடன் கூடிய மழை. எர்த் சரியில்லாத வயரிங்கில் எந்தப் பாதுகாப்புக் கருவியும் முழுமையாகக் காப்பாற்றாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் கம்பியையும் ட்ரிப் சுவிட்சையும் பரிசோதிக்கும் செலவும் கணனிச் செலவுதான். மின்னல் வரும்போது ப்ளக்கைக் கழற்றுபவர்கள் பலர், ரவுட்டருக்கு வரும் தொலைபேசிக் கம்பியை மறந்துவிடுகிறார்கள். அதன் வழியாகவும் மின்னழுத்தம் உள்ளே வரும்.

பவர் சப்ளையை மாற்ற வேண்டி வந்தால் மேலே ஒட்டியிருக்கும் ‘500 வொட்’ என்ற தாளை நம்பாதீர்கள். கையில் எடுத்துப் பாருங்கள். காகிதம் போல் கனமில்லாதிருந்தால் உள்ளே இருக்க வேண்டியது இல்லை. 80 பிளஸ் சான்றுள்ள, பெயர் தெரிந்த 400 அல்லது 450 வொட் ஒன்று கடைக் கணனிக்குப் போதும். பழைய சிலவற்றின் பின்புறத்தில் 115, 230 என எழுதிய சிவப்புச் சிறு சுவிட்ச் இருக்கும். எமது மின்சாரம் 230 வோல்ட். சுவிட்ச் 115 இல் இருக்க மின்சாரம் கொடுத்தால் வெடிச் சத்தத்தோடு முடிந்துவிடும்.

மூன்றாவது: ரெம்

டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஒன்றில் மற்றொன்று பொருந்தாது. வெட்டு விழுந்த இடமே வேறு. டாஸ்க் மனேஜரில் மெமரி என்ற இடத்தில் வேகம் 1333 அல்லது 1600 எனக் காட்டினால் டி.டி.ஆர்.3. 2133 முதல் 3200 வரை என்றால் டி.டி.ஆர்.4. 4800 உம் அதற்கு மேலும் டி.டி.ஆர்.5. எத்தனை ஸ்லொட் உண்டு, எத்தனை நிரம்பியுள்ளது என்பதும் அங்கேயே இருக்கும். உள்ளங்கையளவு சிறிய பெட்டிக் கணனிகளில் லெப்டொப் ரெம்தான் போடப்பட்டிருக்கும். அதற்கும் டெஸ்க்டொப் ரெம் பொருந்தாது.

மாங்குளம் கடைக்கு என் யோசனை: இருக்கும் 4 ஜீ.பி.யைக் கழற்றாமல் இரண்டாவது ஸ்லொட்டில் பாவித்த 4 ஜீ.பி. டி.டி.ஆர்.3 ஒன்றைப் போட்டு 8 ஆக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். இரண்டு துண்டுகள் சேர்ந்து வேலை செய்யும்போது சிறிது வேகமும் கூடும். டி.டி.ஆர்.4 கணனி உள்ளவர்கள், 2025 இல் பெரிய உற்பத்தியாளர்கள் அந்த வகையைப் படிப்படியாகக் கைவிடத் தீர்மானித்ததால் அதன் விலையும் ஏறியது என்பதைக் கணக்கில் எடுங்கள். பாவித்த ரெம் பொதுவாகத் தேய்வதில்லை. நல்லதென்றால் நல்லது, கெட்டதென்றால் கெட்டது. ‘மெம்டெஸ்ட்86’ மூலம் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து வாங்கினால் பாவித்ததில் பயமில்லை.

தொடத் தேவையில்லாதவை

கிரஃபிக்ஸ் கார்ட் பில் அடிக்கும் கணனிக்குத் தேவையேயில்லை. புரொசஸரை மாற்றுவதும் அப்படியே. நான்காம் தலைமுறை ஐ3 ஐக் கழற்றி அதே தலைமுறை ஐ7 போட்டாலும் விண்டோஸ் 11 ஏற்காது. இதில் ஒரு பொறியும் உண்டு. எல்.ஜி.ஏ. 1151 என்ற ஒரே பெயரில் ஆறாம், ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கும் சொக்கட் இருக்கின்றது. துளை பொருந்தும், வேலை செய்யாது. ஆறாம் தலைமுறை மதர்போட்டுக்கு எட்டாம் தலைமுறைப் புரொசஸரை ‘சொக்கட் ஒன்றுதானே’ என்று எவராவது விற்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

டெல், எச்.பி. போன்ற கம்பனிக் கணனிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை உறுதியானவை, எமது கடைகளுக்கு ஏற்றவை. ஆனால் ஒப்டிபிளெக்ஸ் 3020 போன்றவற்றில் மதர்போட்டுக்குப் போகும் மின் இணைப்பு வழமையான 24 பின் அல்ல, 8 பின். சாதாரண பவர் சப்ளையை நேரடியாக மாட்ட முடியாது. மாற்றி வயர் தேவை. அதன் மதர்போட்டும் வேறு பெட்டிக்குள் அமராது. எனவே இவற்றில் மதர்போட் பழுதானால் திருத்திக்கொண்டு அலையாமல், சேமித்த காசில் பாவித்த எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட ஒன்றுக்கு மாறிவிடுவதே இலாபம். உங்கள் எஸ்.எஸ்.டி. அதற்குள் போகும். அப்படி மாறும் முன்னர் ஒன்றைச் சரிபாருங்கள்: டொட் மெட்ரிக்ஸ் பிரின்டர் உங்களிடம் பழைய அகன்ற பெரலல் போட்டில் இணைந்திருக்கின்றதா? புதிய கணனிகளில் அந்த இணைப்பு பெரும்பாலும் இல்லை.

எங்கே வாங்குவது?

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவில் ஒரே கட்டடத்துக்குள் பத்துக் கடையில் விலை கேட்கலாம் என்பது உண்மை. சரக்கு எடுக்கக் கொழும்பு போகும்போது வாங்கி வருபவர்கள் பலர். ஆனால் உதிரி மூன்றாம் மாதத்தில் பழுதானால் வவுனியாவில் இருந்தே கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கு மேல். பார்சல் போய்த் திரும்பும்வரை கடைக்குக் கணனி இல்லை. வித்தியாசம் சிறிதென்றால் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ வாங்கி, கையில் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய உத்தரவாதத்தைப் பெறுங்கள். எஸ்.எஸ்.டி.யையும் யு.பி.எஸ்.ஐயும் கட்டாயம் அருகிலேயே வாங்குங்கள் என்பேன். கழுதை விலை பேசும்போதே கயிற்றையும் பேசு என்பது போல, பற்றுச்சீட்டைப் பெறும்போதே அதிலுள்ள சிறிய எழுத்துகளையும் வாசியுங்கள். பல கடைகளில் ஒரு வருட உத்தரவாதம் என்பது 350 நாட்கள். எரிந்த அடையாளம், துரு, மின்னல் சேதம் எதற்கும் உத்தரவாதம் கிடையாது. பொருளின் தொடரிலக்கம் பற்றுச்சீட்டில் எழுதப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள்.

பாவித்த உதிரியில் துருவைத் தேடுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளமும் நினைவிருக்கும். நீரில் நின்ற கணனியைத் துடைத்து வைத்தால் சில மாதம் ஓடும். பவர் சப்ளையின் திருகாணிகளிலும் யு.எஸ்.பி. வாயின் ஓரங்களிலும் துரு தெரிந்தால் வாங்காதீர்கள். உங்கள் பெட்டியையும் தரையில் இருந்து மூன்றடி உயரத்தில் ஒரு தட்டில் ஏற்றி வையுங்கள், தூசும் குறையும்.

வேலை செய்யும் நாள்

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகக் கடை மூடும் நேரத்தோடு சேர்த்து அன்றைய பிற்பகலை இதற்கு ஒதுக்குங்கள். மாத இறுதியிலும் பெருநாள் வாரத்திலும் தொட வேண்டாம். பெட்டியைத் திறக்க முன்னர் பில் மென்பொருளின் தரவை ஒரு பென் டிரைவில் எடுத்து, அது வேறொரு கணனியில் திறக்கின்றதா என்று பாருங்கள். எடுத்தால் மட்டும் போதாது, திறந்து பார்க்க வேண்டும்.

பில் மென்பொருள் வழங்கியவருக்கும் முற்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்பு. சில மென்பொருட்களின் அனுமதி பழைய டிஸ்க்கோடு பிணைக்கப்பட்டிருக்கும். டிஸ்க் மாறியதும் திறக்க மறுக்கும். வெள்ளி மாலை அதனைக் கண்டுபிடித்தால் திங்கள் வரை கையால் பில் எழுத வேண்டியதுதான். பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுப்பது இலகுவானது. புதிதாக விண்டோஸ் போடுவதென்றால் பாமினி எழுத்துருவை மறக்காதீர்கள். எமது கடைகளில் பொருட்களின் தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் பாமினியில் தட்டச்சு செய்யப்பட்டவை. எழுத்துரு இல்லாவிட்டால் ‘சீமெந்து’ என்றிருந்த இடத்தில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகள்தான் பில்லில் அடிபடும்.

பெட்டி திறந்திருக்கும்போதே மதர்போட்டிலுள்ள காசளவு வட்டப் பெட்டரியையும் மாற்றிவிடுங்கள். சி.ஆர். 2032 என்று கேட்டால் மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். அது செத்துவிட்டால் கணனியின் திகதி பின்னோக்கிப் போய், பில்லில் பல வருடத்துக்கு முந்திய திகதி விழும். வங்கி இணையத்தளமும் திறக்காது. இதற்காகவே கணனியை மாற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

கழற்றிய பழைய ஹாட் டிஸ்க்கை டெக்னீஷியனிடம் விட்டு வராதீர்கள்; மலிவு விலைக்கும் விற்காதீர்கள். கடன்காரர் பெயர்களும் அடையாள அட்டைப் பிரதிகளும் அதற்குள் இருக்கின்றன. யு.எஸ்.பி. உறையொன்றை வாங்கி அதற்குள் போட்டால் அதுவே உங்கள் பிரதி எடுக்கும் டிஸ்க். வாரத்துக்கு ஒரு தடவை கணக்கை அதில் எடுத்து, கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள். பழைய ஹாட் டிஸ்க் பழுதாக முன்னர் பெரும்பாலும் சத்தம் போட்டுக் காட்டும், எஸ்.எஸ்.டி. பல வேளைகளில் சொல்லாமலே நின்றுவிடும்.